ரசமட்டம் வளர்த்த ஆரஞ்சு

என் தங்கை வீட்டுக் கொல்லைப்புறத்தில் காய்த்த முதல் ஆரஞ்சுப் பழத்தை முழுதாகத் தின்றவன் நான். தின்ற பிறகும் எனக்குப் பேச்சு வருகிறது என்பதால், இந்தக் கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டிச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

தங்கையின் கணவர், அதாவது என் மாப்பிள்ளை, லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடித் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஒரு நூல் ஏறி நின்றாலும் சரி, இறங்கி நின்றாலும் சரி, பூட்டுப் போட்டுவிடுவார். அவர் வேலையில் இருந்தவரை எங்கள் ஊரில் தொப்பை போட்டவர்களே கிடையாது. எல்லோரும் படியேறிப் படியேறி மான்குட்டிகளாகத் திரிந்தார்கள்.

ஓய்வு பெற்ற அன்று, ஞாபகமாக என்ன வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர் தன் ரசமட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு குமிழியுமாக ஒரு கட்டை, அதுதான். குமிழி நடுவில் நின்றால் சமம், ஓரத்துக்கு ஓடினால் சாய்வு. வந்த வேகத்தில் கட்டிலுக்கு வைத்துப் பார்த்தார், குளிர்சாதனப் பெட்டிக்கு வைத்துப் பார்த்தார், கல்யாணப் படத்துக்கு வைத்துப் பார்த்தார். மதியம் அசந்து தூங்கிய என் தங்கையின் தோளுக்கும் வைத்துப் பார்த்ததாக ஒரு பேச்சு உண்டு. நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் சொல்ல மாட்டேன். ஒரே வாரத்தில் தெருவே அவருக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்துவிட்டது.

கொல்லைப்புறம் அதுவரை தங்கையின் ராஜ்யம். இரண்டு பக்கமும் மரக்கம்பங்கள், நடுவே வரிசையாகத் துணிக்கொடிகள். தினமும் காலையில் வாளியோடு போவாள். போர்வைகளை வெளிவரிசையில் போடுவாள், சட்டைகளை உள்வரிசையில். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுவிட்டு, அங்கே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். வீட்டுக்குள் ஆளாளுக்கு அவளைக் கூப்பிடுவார்கள். மகனுக்குச் சாவியைக் காணோம், மருமகளுக்கு சார்ஜரைக் காணோம், மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடியைக் காணோம், அது அவர் மூக்கிலேயே இருக்கும். ஈரத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவள் யார் கண்ணிலும் படமாட்டாள். துணி காய்கிற நேரம்தான் அவளுக்கென்று இருந்த நேரம். மழைக்காலத்தில் அவளுக்குக் கோபம் அதிகமாக வருவதன் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ராஜ்யத்தில்தான் மாப்பிள்ளையின் கண் விழுந்தது. காரணம் ஃபோன். அதில் தொப்பி போட்ட ஒரு ஆள் வருவார். புல் முளைக்காத இடத்தைக் காட்டுவார், கையைத் தட்டுவார், அடுத்த நொடியில் அங்கே கல் பாதை, பெஞ்சு, பந்தல், பழமரம் எல்லாம் நிற்கும். நடுவில் பட்ட பாட்டை மட்டும் காட்ட மாட்டார்.

"மச்சான், பாருங்க! நாலு பலகை, ஒரு டப்பா ஆணி, பெஞ்சு ரெடி. ஆசாரி வேண்டாம், கொத்தனார் வேண்டாம். எல்லாமே நம்ம கையாலதான்!"

"யாரு கை மாப்பிள்ளே?"

"நம்ம கைதான்."

அந்த 'நம்ம'வில் என் கையும் சேர்த்தி என்பது, என் கட்டைவிரலில் சுத்தியல் விழுந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

முதல் காரியமாகத் துணிக்கம்பங்களைப் பிடுங்கினார். தோட்டம் என்றால் பார்வை தடையில்லாமல் போகவேண்டும் என்று தொப்பிக்காரர் சொல்லிவிட்டாராம். பார்வை போய் முட்டுகிற இடத்தில் பக்கத்து வீட்டுக் கழிவறைச் சுவர்தான் இருந்தது. இருந்தாலும் தடையில்லாமல் போய் முட்டியது.

தங்கை வாளியோடு வந்தவள் அப்படியே நின்றாள். கம்பங்கள் தரையில் கிடந்தன. கொடிக்கயிறு பந்தாகச் சுருட்டப்பட்டிருந்தது. முக்காலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஏங்க, துணியை எங்க காயப்போடறது?"

"மொட்டை மாடி இருக்கே?"

"என் முட்டி வலிக்கு நீங்க தூக்கிட்டுப் போவீங்களா?"

"ஏம்மா, கொஞ்சம் பெரிசா யோசி. இங்க ஆரஞ்சு மரம் வைக்கப்போறேன். பழம் தேன் மாதிரி இருக்கும். தினம் ஒண்ணு பறிச்சு உன் கையில தருவேன்."

தங்கை சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாவிட்டால் நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொள்வது வழக்கம்.

"சரி. அந்த மரம் காய்க்கற வரைக்கும் நான் வாயே திறக்கல. முதல் பழத்தை ஒரு மனுஷன் முகம் சுளிக்காம முழுசா தின்னுட்டா இந்த இடம் உங்களுக்கு. ஆயுசுக்கும் கேக்க மாட்டேன். இல்லேன்னா என் கொடி திரும்ப வரணும். நீங்களே உங்க கையால கட்டித் தரணும். சம்மதமா?"

"எழுதியே தரேன்!"

"எழுத வேண்டாம். அண்ணே, நீ கேட்டுக்கிட்டே இல்ல?"

கேட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டுத் துணிகள் வீட்டுக்குள்ளேயே காய்ந்தன. நாற்காலி முதுகில் சட்டை, கதவில் போர்வை, ஜன்னல் கம்பியில் துண்டு. காலுறைகளை மின்விசிறியில் கட்டிச் சுழலவிட்டாள். பார்க்க வந்த ஒரு விருந்தாளிக்குக் கன்னத்தில் பளீரென்று ஒன்று விழுந்தது. யார் அடித்தது என்று அவர் இன்றுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். உட்கார வேண்டுமென்றால் யாருடைய ஈரத்தின்மீதாவது உட்காரவேண்டும். கூப்பிடுகிறவர்களும் நிறுத்தவில்லை. ஒளிந்துகொள்ளத்தான் அவளுக்கு இடமில்லாமல் போயிற்று.

மாப்பிள்ளை தரையைச் சமன் செய்யத் தொடங்கினார். அந்த இடம் வீட்டிலிருந்து வெளிவாய்க்கால் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருந்தது. வீடு கட்டிய மேஸ்திரி தெரிந்துதான் அப்படி விட்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. நான் நூலைப் பிடித்தேன், அவர் மண்வெட்டியைப் பிடித்தார். பிறகு அவர் நூலைப் பிடித்தார், நான் மண்வெட்டியைப் பிடித்தேன். அதற்கப்புறம் மாற்றிக்கொள்ளவே இல்லை. கடைசியில் எந்த மூலையில் வைத்தாலும் குமிழி நடுவில் வந்து நின்றது. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

"மச்சான், பூமியில இப்படி ஒரு இடம் வேற எங்கயும் கிடையாது!"

உண்மைதான். மழை வந்தபோது அது தெரிந்தது. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுகிற பொருள். இங்கே எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. முகவரி தொலைத்த ஆள் மாதிரி கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தது, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பார்த்தது, கடைசியில் கதவைத் திறந்துகொண்டு சமையலறைக்குள் வந்துவிட்டது. தங்கை அடுப்படியில் முட்டளவு நீரில் நின்றுகொண்டு சமைத்தாள். கழுவ வேண்டிய பாத்திரங்கள் தாமாகவே வரிசையில் மிதந்து வந்தன.

"சமையல்கட்டுத் தரைதான் அரை விரல் இறங்கியிருக்கு. தப்பு அதும்மேல" என்றார் மாப்பிள்ளை.

வெளியே தவளைகள் வந்து சேர்ந்தன. முதலில் தெருத் தவளைகள், பிறகு வெளியூர்த் தவளைகள். அவற்றுக்குள் ஒரு சங்கம் இருந்தது என்று நினைக்கிறேன். ஒன்று எழுந்து பேசும், மற்றவை முடியும்வரை காத்திருந்து ஆட்சேபிக்கும். எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தைவிட ஒழுங்காக நடந்தது.

தண்ணீரை வெளியேற்ற மாப்பிள்ளை ஒரு வாய்க்கால் வெட்டினார். அதையும் ரசமட்டம் வைத்தே வெட்டினார். அந்த வாய்க்காலிலும் தண்ணீர் அழகாக, அசையாமல் நின்றது. ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது தங்கை மண்வெட்டியை எடுத்து அதன் கடைசி முனையில் நாலு கொத்து கொத்தினாள். தண்ணீர் விட்டால் போதும் என்று ஓடிவிட்டது. குளித்துவிட்டு வந்தவர், "பாத்தியா, வேலை செய்யுது!" என்றார். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவள் திறக்கவில்லை.

பிறகு ஆரஞ்சுக் கன்று வாங்க நர்சரிக்குப் போனோம். அந்த நர்சரிக்காரம்மா பேச ஆரம்பித்தால் காய்ந்த குச்சியைக்கூடப் பூச்செடி என்று விற்றுவிடுவார். எங்களிடம் நல்ல கன்றைத்தான் கொடுத்தார். கிளையில் பிளாஸ்டிக் சீட்டு தொங்கியது: இனிப்பு ஆரஞ்சு.

"இது ஒட்டுக்கன்னு சார். அடியில இருக்கறது காட்டு எலுமிச்சை, அது வேருக்கு மட்டும்தான். அதும்மேல ஆரஞ்சை ஒட்ட வெச்சிருக்கோம். ஒட்டுப் போட்ட இடம் முழங்கை மாதிரி வளைஞ்சுதான் இருக்கும், அப்படியே விட்டுடுங்க. ஒட்டுக்குக் கீழேருந்து எது முளைச்சு வந்தாலும் உடனே கிள்ளிப் போட்டுடுங்க. அது திருட்டுக் கிளை."

மாப்பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கை மட்டும் அந்தம்மாவின் மேஜைமேல் ரசமட்டத்தை வைத்தது.

"இந்த மேஜை சாய்ஞ்சிருக்கு."

"வியாபாரம் நேரா நடக்குதே சார், போதாதா?"

கன்றை நட்டோம். ஒட்டுப் போட்ட இடத்தில் அது ஒருபக்கமாக வளைந்து, இடுப்பில் கைவைத்து நிற்கிற மாதிரி நின்றது. மாப்பிள்ளைக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. குச்சி வைத்துக் கட்டினார், கயிறு போட்டு இழுத்தார், எதிர்ப்பக்கம் செங்கல்லைத் தொங்கவிட்டார். ஆஸ்பத்திரியில் கால் ஒடிந்து கிடக்கிறவன் மாதிரி ஆகிவிட்டது ஆரஞ்சு. அப்படியும் நிமிரவில்லை.

கொஞ்ச நாளில் அடியிலிருந்து, ஒட்டுக்குக் கீழேயிருந்துதான், ஒரு புதுத்தளிர் புறப்பட்டது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. நாலு நாளில் முழம் வளர்ந்தது. உடம்பெல்லாம் ஊசி ஊசியாக முள். அம்பு மாதிரி நேரே மேலே போயிற்று. மாப்பிள்ளை ரசமட்டத்தை நிமிர்த்தி அதன்மேல் சாய்த்து வைத்தார். நிமிர்வு பார்க்க ஓரத்தில் இருக்கிற சின்னக் குழாயில் குமிழி நடுவில் நின்றது.

"மச்சான், இங்க வாங்க! வளைஞ்ச அப்பனுக்கு நேரான பிள்ளை!"

"அந்தம்மா கீழ முளைக்கறதைப் பத்தி ஏதோ சொன்னாங்களே மாப்பிள்ளே?"

"வியாபாரிங்க அப்படித்தான் சொல்வாங்க. நல்ல கிளையை நாமளே கிள்ளிப் போட்டாத்தானே மறுபடி கன்னு வாங்க அவங்ககிட்ட போவோம்?"

நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். ஆனால் யார் சொன்னாலும் கேட்காமலேயே அறுபது வயசு வரை நன்றாக இருந்த மனிதர். அந்தப் பழக்கத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் வளைந்த கிளையை ஒட்டோடு சேர்த்து வெட்டினார். வெட்டிய கிளையிலிருந்து அந்தச் சீட்டை மட்டும் கவனமாகக் கழற்றி, முள்ளுக்கிளையில் கட்டினார். கட்டும்போது முள் குத்தி விரலில் ரத்தம் வந்தது. 'இனிப்பு ஆரஞ்சு' என்ற எழுத்தின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

மரம் வளர்கிற நேரத்தில் மற்ற வேலைகள் நடந்தன. துணிக்கம்பங்களை அறுத்து பெஞ்சுக்குக் கால் வைத்தார். பெஞ்சு சமமாகத்தான் இருந்தது, ஆனால் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. குட்டையானவர்கள் ஏறுவதற்கு ஒரு படி செய்தார். திராட்சைக் கொடிக்காக இரும்புக் குழாய்களால் ஒரு பந்தல் போட்டார். அந்தப் பந்தலைப் பற்றி எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யானை ஊஞ்சல் ஆடலாம், அவ்வளவு உறுதி. குறுக்குக் குழாய்கள் அத்தனையும் தலைவகிடு எடுத்த மாதிரி நேராக ஓடின. திராட்சைதான் வரவில்லை. ஒரு கொடி பாதிக் கம்பம்வரை ஏறியது, மேலே அண்ணாந்து பார்த்தது, இவ்வளவு ஒழுங்கு நமக்குத் தாங்காது என்று இறங்கிப் போய்விட்டது.

மூன்றாம் வருஷம் ஆரஞ்சு பூத்தது. காயும் பிடித்தது. மேல்தோல் தேரை முதுகு மாதிரி கரடுமுரடாக இருந்தது.

"தோல் முரடா இருந்தா உள்ள இனிப்பு ஜாஸ்தி. தொப்பிக்காரர் சொல்லியிருக்கார்" என்றார் மாப்பிள்ளை.

ஒரு காக்கை ஒரு காயைக் கொத்திப் பார்த்தது. கொத்தினதும் அப்படியே உட்கார்ந்து யோசித்தது. பிறகு பறந்து போயிற்று, பறந்த திசை சரியில்லை. மறுநாள் அதே காக்கை வந்து உட்கார்ந்து கா என்று கத்த வாயெடுத்தது, குயில் மாதிரி கூவிற்று. எறும்புகள் அந்த மரத்தைச் சுற்றி அரைவட்டமாக வேறு பாதை போட்டுக்கொண்டன. இதையெல்லாம் பார்த்தும் மாப்பிள்ளை தளரவில்லை.

பழம் பழுத்தது. தங்கை நாள் குறித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் பந்தலுக்கு அடியில் மேஜை போட்டார்கள். மேஜைக்கால் ஒன்றுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துச் சமன் செய்தார் மாப்பிள்ளை. பொதுவான ஆள் ஒருவர் இருக்கட்டும் என்று எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மாவைத் தங்கை கூப்பிட்டிருந்தாள்.

"முகம் சுளிக்காம ஒரு மனுஷன் முழுசா தின்னணும். அதானே பேச்சு? அந்த மனுஷன் நம்ம மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

அவர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. என் முகம் பிறந்ததிலிருந்தே அசைவதில்லை. பொய் சொன்னாலும் அப்படித்தான் இருக்கும், நிஜம் சொன்னாலும் அப்படித்தான் இருக்கும். பெண் பார்த்துவிட்டு வந்தபோது எனக்குப் பிடித்ததா இல்லையா என்று வீட்டில் யாருக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் என் மனைவிக்கே இன்னும் சரியாகத் தெரியாது.

மாப்பிள்ளை என் காதருகில் குனிந்தார்.

"மச்சான், எப்படி இருந்தாலும் உங்க முகத்தைக் காப்பாத்திக்கோங்க. எனக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு சொல்லுங்க? லிஃப்டெல்லாம் இப்போ தானாவே சரியா நிக்குதாம்."

அந்தப் பக்கம் தங்கை தண்ணீர் வைக்கிற சாக்கில் குனிந்தாள்.

"அண்ணே, நீ பொய் சொல்ல வேணாம், நிஜமும் சொல்ல வேணாம். சும்மா தின்னு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மாப்பிள்ளை பழத்தை வெட்டினார். கத்தியில் வெகு காலமாக இருந்த துரு அந்த நொடியே காணாமல் போயிற்று. நான் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டேன்.

என் இரண்டு காதுகளும் தலைக்குப் பின்னால் போய்ச் சந்தித்துப் பேசிக்கொண்டன. எல்லாம் உள்ளுக்குள்தான். வெளியே ஒன்றுமில்லை. அடுத்த சுளையில், பள்ளிக்கூடத்தில் எனக்கு அடி வாங்கிக் கொடுத்த ஒருவனை முழுமனதோடு மன்னித்தேன். அதற்கடுத்த சுளையில், கட்டிவைத்த பற்கள் தங்களைக் கழற்றி விட்டுவிடும்படி கெஞ்சின. இடது முழங்காலுக்கும் நாக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது. நிதானமாக மென்றேன், விழுங்கினேன், விதைகளைத் தட்டில் வரிசையாக வைத்தேன். கடைசிச் சுளையும் போயிற்று. உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"பழுத்திருக்கு" என்றேன். அது பொய்யில்லை.

மாப்பிள்ளை எழுந்து ரசமட்டத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார், கோப்பை வாங்கிய ஆட்டக்காரர் மாதிரி.

"பாத்தியா? ஒரு நரம்பு அசைஞ்சுதா? ஒரு மயிர் அசைஞ்சுதா? தேன்! இனிமே இந்தத் தோட்டம் எனக்குத்தான்!"

தங்கை அசையவில்லை. "டாக்டர், உங்களை ஒண்ணு கேக்கணும். எங்க அண்ணன் முகத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

பல் டாக்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொல்லலாமான்னு தெரியல. போன வருஷம் இவருக்கு ஒரு கடைவாய்ப் பல் எடுத்தேன். இப்ப எப்படி உக்காந்திருக்காரோ அப்படியேதான் உக்காந்திருந்தார். எடுத்து முடிச்சு, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிட்டார். அவர் போனப்புறம்தான் பாத்தேன், மரத்துப்போற ஊசி அப்படியே தட்டுல இருக்கு. போடவே மறந்துட்டேன்."

 எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அப்போதுதான் தெரியும். அந்த வலியைப் பல் எடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டீங்களா? முகம் சுளிக்கறதுக்கு முகம்னு ஒண்ணு இருக்கணும். இது சுவரு" என்றாள் தங்கை. "அண்ணே, கோவிச்சுக்காதே."

"கோபமில்லை" என்றேன். இருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

"அதெப்படி? பேச்சு மாத்தக்கூடாது!"

"நான் மாத்தல. மரத்துல இன்னும் பழம் இருக்கு. தேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. வளர்த்தவரும் நீங்கதான். ஒண்ணு தின்னுங்க, நான் என் துணியை ஆயுசுக்கும் மின்விசிறியிலேயே காயப்போட்டுக்கறேன்."

மாப்பிள்ளை மரத்தைப் பார்த்தார். சட்டைக் கையில் மூன்று இடத்தில் கிழிசல் வாங்கிக்கொண்டு ஒரு பழத்தைப் பறித்துவந்தார். உரித்தார். அவர் என் முகத்தைப் பார்த்துத் தைரியம் அடைந்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு சுளை போதும் என்கிற இடத்தில் மூன்றைச் சேர்த்து வாயில் போட்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வலது கண் மூடிக்கொண்டது. மூக்கு மேலே போயிற்று. வாய் இடதுபக்கமாகக் காதை நோக்கிப் பயணம் புறப்பட்டது. தாடை ஒருபக்கம், நெற்றி ஒருபக்கம். அந்த உதட்டின்மேல் ரசமட்டத்தை வைத்திருந்தால் குமிழி குழாயை உடைத்துக்கொண்டு வெளியே போயிருக்கும். அப்படி ஒரு சாய்வு. கையிலிருந்த ரசமட்டம் நழுவி மேஜைமேல் விழுந்தது. பல் டாக்டரம்மா கைப்பையைத் திறந்து ஏதோ தேடினார்.

மனிதர் துப்பவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். விழுங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புளிப்பு... எல்லாச் சுளையிலயும் ஒரே மட்டமா இருக்கு" என்றார்.

தங்கை வெகு நாளுக்குப் பிறகு சிரித்தாள். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"என் கம்பம் எங்கே?"

"அதை... அறுத்து பெஞ்சுக்கு வெச்சுட்டேனே."

தங்கை அண்ணாந்து பார்த்தாள். இரும்புக் குழாய்கள் வரிசை வரிசையாக, வகிடு எடுத்த மாதிரி.

"இது என்ன?"

"பந்தல்."

"அதும்மேல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"நாளையிலேருந்து இருக்கும்."

மறுநாள் மாப்பிள்ளை ஏணி போட்டு ஏறிக் கொடி கட்டினார். தோற்ற மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேலை செய்வார் என்றுதான் நினைத்தேன். ஏணியில் ஏறிய பிறகு ரசமட்டம் கையில் இருந்ததை அவர் கவனித்தார். அவ்வளவுதான். ஒரு கொடியைக் கட்டுவார், வைத்துப் பார்ப்பார், அவிழ்ப்பார், திரும்பக் கட்டுவார். பழைய கொடியில் துணியெல்லாம் நடுவுக்குச் சரிந்து வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கும். இதில் போட்டது போட்ட இடத்தில் நின்றது.

"உங்க ரசமட்டம் இன்னிக்குத்தான் இந்த வீட்டுக்கு ஒரு வேலை செஞ்சிருக்கு" என்றாள் தங்கை. அவள் வாயால் அது பெரிய விருது. அவருக்கு அன்று தூக்கம் வந்திருக்காது.

அந்த உற்சாகத்தில் அவரே ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். தலைப்பு: 'தோட்டத்தில் துணிப்பந்தல், உங்கள் கையாலேயே'. தலையில் தொப்பிகூட வாங்கிப் போட்டுக்கொண்டார். தோற்ற கதையை அதில் சொல்லவில்லை. நடுவில் பட்ட பாட்டை யாரும் காட்டுவதில்லை அல்லவா. ஆனால் போகிறபோக்கில், பழமரங்களில் வளைந்த கிளையை அடியோடு வெட்டிவிட்டு நேரான கிளையை வளருங்கள் என்று ஒரு யோசனை சொன்னார். ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள், பின்பற்றினார்கள். அதிலிருந்து பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் பல் கூச்சம் என்று வருகிறவர்களுக்கு உட்கார இடமில்லை. பெஞ்சு ஒன்று செய்து தரமுடியுமா என்று அவர் மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார்.

மரத்தை வெட்டவேண்டாம் என்று தங்கையே சொல்லிவிட்டாள். ஒரு மூடி பிழிந்து தேய்த்தால் குளியலறைத் தரையில் எந்தக் கறையும் நிற்பதில்லை. கொஞ்சம் அதிகமாகப் பிழிந்தால் தரையும் நிற்பதில்லை.

சென்ற வாரம் நான் போயிருந்தபோது வெயில் நன்றாக அடித்தது. பந்தல் நிறையப் போர்வைகள். நான் பெஞ்சில், கால் தரையில் படாமல், உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளை கூவிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா! எங்கம்மா இருக்கே? என் மூக்குக்கண்ணாடியைக் காணோம்!"

மூக்கில்தான் இருந்தது. அவர் பந்தலுக்குக் கீழே வந்து நின்றார். வரிசையாகத் தொங்கிய போர்வைகளின் அடி விளிம்பைக் குனிந்து பார்த்தார். விளிம்புக்குக் கீழே, நடுவரிசையில், ஒரு முக்காலியின் கால்களும் அதற்கு முன்னால் இரண்டு பாதங்களும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு பாதம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"பாருங்க மச்சான், விளிம்பு எவ்வளவு நேரா இருக்கு!"

"ஆமா மாப்பிள்ளே. நேரா இருக்கு."

"அவளை எங்காவது பாத்தீங்களா?"

"கடைக்குப் போனா. வர நேரமாகும்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். அதில் படிக்க ஒன்றுமில்லாததால் நம்பிவிட்டுப் போய்விட்டார்.

போர்வைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை நீண்டது. அதில் பாதி ஆரஞ்சு இருந்தது, உரித்து, நார் எடுத்து. கடையில் வாங்கினது. வாங்கிக்கொண்டேன். நல்ல இனிப்பு. முகத்தை அசைக்காமல் தின்று முடித்தேன்.